எழுபதுக்குக் கீழே

ஜூன் 3, செவ்வாய்

டாக்டர் மரகதம் சொன்னபடி இன்றிலிருந்து எழுதுகிறேன். சாப்பிட்டது, போட்ட ஊசி, வாட்ச் காட்டிய எண், அப்போது உடம்பு எப்படி இருந்தது. நான்கையும் எழுத வேண்டுமாம்.

காலை இரண்டு இட்லி, தக்காளிச் சட்னி. இன்சுலின் ஆறு யூனிட். வாட்ச் 142. உடம்பு நன்றாக இருந்தது.

பதின்மூன்று வயதில் வந்த சர்க்கரை. இப்போது முப்பத்தொன்று. பதினெட்டு வருடம் விரலில் குத்திக் குத்திப் பார்த்தவளுக்கு இந்த வாட்ச் வந்திருக்கிறது. கோயமுத்தூரில் ஒருவர், அவர் மகளுக்கும் என்னைப் போலத்தான், வெளிநாட்டிலிருந்து வரவழைத்துக் கொடுக்கிறார். தாராபுரத்தில் இது வேறு யாரிடமும் இல்லை. கெட்டுப்போனால் பார்க்க ஆளும் இல்லை. மேல்கையில் ஒட்டிய சென்சார் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எண்ணை அனுப்பும், ரத்தத்தில் இருப்பதைவிடப் பத்துப் பதினைந்து நிமிடம் பின்தங்கி. எழுபதுக்குக் கீழே போனால் வாட்ச் கத்தும். மற்ற வாட்ச்களுக்கு நடுவில் போன் வேண்டும், இதற்கு வேண்டாம். அதற்காகத்தான் வாங்கினோம். ஆகஸ்ட் 31 குரூப் தேர்வு. ஹாலுக்குள் போன் கொண்டுபோக முடியாது.

எலக்ட்ரானிக் வாட்சும் கூடாது என்று அதே விதியில் அடுத்த வரியில் இருக்கிறது. மனு கொடுத்தால் விடுவார்கள் என்று நந்தகோபால் நம்புகிறார். அவர் காற்றாலைக் கம்பெனியில் மெக்கானிக். எண்பது மீட்டர் ஏறி வேலை செய்கிறவர். தரையில் இருக்கிற ஆபீஸ்களைப் பற்றி என் வீட்டுக்காரருக்கு அவ்வளவாகத் தெரியாது.

ஜூன் 5, வியாழன்

வாட்ச் 118, 131, 204, 96. குளிக்கும்போது சிக்னல் போய்விட்டது. உடம்பு நன்றாக இருந்தது.

ஜூன் 9, திங்கள்

கடையில் மானம் போனது.

பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே தங்கமுத்து அண்ணனின் சேவை மையத்தில் ஐந்து வருடமாக வேலை பார்க்கிறேன். ஊர்க்காரர்களின் தேர்வு விண்ணப்பம், சாதிச் சான்று, பட்டா எல்லாவற்றையும் ஆன்லைனில் நிரப்பிக் கொடுப்பது என் வேலை. பதினொரு மணிக்குக் கூட்டம் நிற்கும்போது வாட்ச் கத்த ஆரம்பித்தது. சாதாரணச் சத்தம் இல்லை, லாரி ரிவர்ஸ் எடுக்கிற மாதிரி. வரிசையில் நின்ற ஒருவர் உண்மையாகவே பின்னால் திரும்பிப் பார்த்தார். எல்லோரும் சிரித்தார்கள்.

"ஏனம்மிணி, அதென்னது கையில பாம்?" என்றார் அண்ணன்.

"வாட்ச்சுங்ணா. எழுபதுக்குக் கீழ போயிருச்சுன்னு கத்துது. எனக்கு ஒண்ணுமில்ல, நல்லாத்தான் இருக்கறேன்."

"நல்லா இருக்கறப்ப எதுக்குக் கத்துது?"

அதைத்தான் நானும் கேட்கிறேன். வாட்சில் 58. பாத்ரூமில் போய் விரலைக் குத்திப் பார்த்தேன். 64. ஆறு எண் தப்பு. இதற்குத்தான் இத்தனை செலவா. நடுக்கம் இல்லை, வியர்வை இல்லை, ஒன்றுமில்லை. இரண்டு ஸ்பூன் குளுக்கோஸ் தின்றுவிட்டு வந்து உட்கார்ந்தேன். அதற்குள் வரிசையில் நான்கு பேர் பக்கத்துக் கடைக்குப் போய்விட்டார்கள். அண்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

ஜூன் 12, வியாழன்

மனு எழுதினேன். ஊருக்கெல்லாம் மனு அடித்துக் கொடுக்கிறவளுக்கு, தனக்கென்று ஒன்று அடிக்க மூன்று மணி நேரம் ஆனது.

தேர்வு அலுவலகத்தின் உதவி எண்ணுக்குப் பேசினேன். நாற்பது நிமிடம் பாட்டுக் கேட்டபின் ஒரு பெண் எடுத்தார்.

"வாட்ச் அனுமதி இல்லை மேடம்."

"இது மணி பாக்கற வாட்ச் இல்லீங்க. சர்க்கரை அளவு காட்டும்."

"மணி காட்டுமா மேடம்?"

"காட்டும்."

"அப்போ வாட்ச்தான் மேடம்."

ஜூன் 18, புதன்

திருப்பூரில் டாக்டர் மரகதத்தைப் பார்த்தேன். இந்த நோட்டைப் புரட்டினார். "எல்லா நாளும் உடம்பு நல்லா இருந்துச்சுன்னு எழுதியிருக்கீங்க. வாட்ச்ல பதினஞ்சு நாள்ல ஒம்போது தடவ எழுபதுக்குக் கீழ போயிருக்கு. அப்பெல்லாம் நடுக்கம், வேர்வை, படபடப்பு இருந்துச்சா?"

இருந்தது என்று சொல்லி வைத்தேன்.

"எழுதலயே?"

"மறந்துட்டேன் டாக்டர்."

நோட்டை மூடித் திருப்பிக் கொடுத்தார். பிறகு மனுவோடு வைக்கக் கடிதம் கொடுத்தார். நல்ல கடிதம். 'இக்கருவி இல்லாவிடில் தேர்வரின் உயிருக்கு ஆபத்து நேரலாம்' என்று இருக்கிறது. படிக்கையில் எரிச்சலாக இருந்தது. இது கொஞ்சம் அதிகம்.

போன தடவை தேர்வில் ஐந்து மார்க்கில் போனது. வாட்ச் இல்லாததால் அல்ல, கேள்வி கடினம்.

ஜூன் 24, செவ்வாய்

விண்ணப்பத்துக்குக் கடைசி வாரக் கூட்டம். ஒரே நாளில் முப்பத்தொரு விண்ணப்பம். காலையிலேயே வாட்சைச் சத்தமில்லாமல் வைத்துவிட்டேன். அதிர்வு மட்டும்தான். அதுவும் மேசையில் கை வைத்தால் கர்ரென்று மரம் அதிர்கிறது என்று அண்ணன் முகம் சுளித்தார். கழற்றி டிராயருக்குள் போட்டேன்.

ஒன்றரைக்கு ஊசி போட்டேன். பார்சல் சாப்பாட்டைப் பிரித்தேன். பாதியில் ஒரு ஆள் சர்வர் வேலை செய்கிறதா என்று கேட்டு உயிரை எடுத்தார். எழுந்து வந்தவள் திரும்பிப் போகவில்லை. இலையில் மீதியிருந்ததை எறும்பு தின்றது.

சாயந்திரம் வந்து சமைத்தேன். நந்தகோபால் ஒரு வாய் வைத்துவிட்டு, "வினோ, இதுல உப்பு எத்தன தடவ போட்ட?" என்றார். அலைச்சலில் எல்லோருக்கும் வருவதுதான். தலைவலி. வாட்சை எடுத்துவர மறந்துவிட்டேன்.

ஜூன் 27, வெள்ளி

வாட்ச் 122, 187, 90. உடம்பு நன்றாக இருந்தது.

ஸ்பின்னிங் மில்லில் வேலை பார்க்கிற சங்கவி என்கிற பெண் வந்தாள். ஷிப்ட் முடிந்த நேரம், தலையெல்லாம் பஞ்சு. செவ்வாய்க்கிழமை விண்ணப்பம் போட்டுக் கொடுத்தேனாம், இன்னும் எஸ்எம்எஸ் வரவில்லையாம்.

"சர்வர் பிஸி. வரும் போ."

"எங்க நூலகத்துல படிக்கறவங்களுக்கெல்லாம் உடனே வந்துருச்சுங்க்கா."

"யாரு நம்பர் குடுத்த, உங்கப்பா போனா? பட்டன் போன்தானே. மெமரி புல்லா இருக்கும். பழசெல்லாம் அழிச்சுட்டுப் பாரு."

தலையாட்டிவிட்டுப் போனாள். ஆளாளுக்கு எஸ்எம்எஸ் எண்ணிக்கொண்டிருந்தால் நான் எப்போது படிப்பது.

ஜூன் 30, திங்கள்

விண்ணப்பக் கடைசி நாள் முடிந்தது. இனிக் கொஞ்சம் மூச்சு விடலாம். இந்தியப் பொருளாதாரம் இரண்டு பாடம் படித்தேன்.

ஜூலை 10, வியாழன்

மனுவுக்குப் பதில் இல்லை என்று நேரில் போனேன். மாவட்ட ஆபீசில் மூன்று மேசை. முதல் மேசை, ஹாலுக்குள் எதை விடலாம் என்பது சென்னையில்தான் முடிவாகும் என்றது. இரண்டாவது மேசை, சென்னைக்கு அனுப்ப மாற்றுத்திறனாளி சான்று வேண்டும் என்றது. மூன்றாவது மேசையில் ஆள் இல்லை, டீ குடிக்கப் போயிருந்தார். முக்கால் மணி நேரம் காத்திருந்து கேட்டால் அவர் வேறு பிரிவு.

சான்று தருகிற மருத்துவர் கையைத் தூக்கு, காலை மடக்கு என்றார். எல்லாம் செய்தேன்.

"உங்களுக்கு ஒண்ணுமில்லையேம்மா."

"சர்க்கரைங்க சார். சின்ன வயசுல வந்தது. இன்சுலின் போடறேன்."

"சர்க்கரை எனக்கும்தான் இருக்கு. இது அந்தப் பட்டியல்ல வராது." நல்ல மனிதர். வெறும் கையோடு அனுப்ப மனமில்லாமல் ஒரு சான்று எழுதிக் கொடுத்தார். பஸ்ஸில் பிரித்துப் படித்தேன். 'தேர்வு எழுதுவதற்கு முழு உடற்தகுதி உடையவர்.'

வாட்ச் இல்லாமலேயே எழுதலாம் என்பதற்கு நானே போய் அத்தாட்சி வாங்கி வந்திருக்கிறேன்.

ஜூலை 19, சனி

மத்தியானம் இடது பக்கம் படுத்தேன். வாட்ச் 51 என்று கத்தி எழுப்பியது. விரலில் 113. சென்சார் மேல் படுத்தால் இப்படித் தப்பாகக் காட்டுமாம். கோயமுத்தூர்க்காரர் போனில் சொல்கிறார், "வலது பக்கம் படுங்க மேடம்." நான் எந்தப் பக்கம் படுக்க வேண்டும் என்பதையும் இனி இதுதான் முடிவு செய்யும்.

ஜூலை 22, செவ்வாய்

சென்சார் வியர்வையில் கழன்று விழுந்துவிட்டது. பதினான்கு நாள் வரவேண்டியது, ஐந்தாவது நாளில். புதியது சூடேற ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரம் நிம்மதியாக இருந்தது.

ஆகஸ்ட் 4, திங்கள்

ஆடிக் காற்று. நந்தகோபாலுக்கு லீவே இல்லை, எல்லா இறக்கையும் சுற்றுகிற காலம். ஸ்கூட்டரில் கடைக்குப் போகையில் ஏதோ யோசனையில் திரும்ப வேண்டிய இடத்தைத் தாண்டி அமராவதிப் பாலம் வரை போய்விட்டேன். படித்ததை மனதில் ஓட்டிக்கொண்டே போனதால் வந்தது. பாலத்தருகே வண்டியை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு பூக்காரம்மா வந்து, "கண்ணு, உன்ற கையில அது ரொம்ப நேரமா அடிக்குது" என்றார். காற்றுச் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை.

நந்தகோபாலிடம் சொல்லவில்லை. சொன்னால் வண்டியைப் பிடுங்கிக்கொள்வார்.

ஆகஸ்ட் 21, வியாழன்

ஹால் டிக்கெட் வந்தது. எனக்குத் திருப்பூரில் ஒரு பெண்கள் பள்ளி. காலையிலிருந்து கடையில் பிரிண்ட் எடுக்கக் கூட்டம்.

நான்கு மணிக்குச் சங்கவி வந்தாள். பெயரையும் பிறந்த தேதியையும் போட்டுப் பார்த்தேன். இப்படியொரு விண்ணப்பம் இல்லை என்று வந்தது. எழுத்தை மாற்றிப் போட்டேன். இல்லை. பையிலிருந்து பிளாஸ்டிக் உறையில் வைத்திருந்த தாளை எடுத்தாள். நான் அடித்துக் கொடுத்தது. அதில் விண்ணப்ப எண் இருக்க வேண்டிய இடம் காலி. அது சரிபார்க்கிற பக்கத்தின் பிரிண்ட். அதற்குப் பிறகு ஒரு பட்டன் அழுத்தினால்தான் விண்ணப்பம் போய்ச் சேரும். அவளுக்குக் கட்டண விலக்கு உண்டு. பணம் கட்டுகிற பக்கமே வராது. அதனால் விடுபட்டது அங்கேயும் யாருக்கும் தெரிந்திருக்காது.

"சர்வர்ல நின்னிருக்கும்" என்றேன்.

"இனி ஒண்ணும் பண்ண முடியாதுங்களாக்கா?"

"முடியாது."

அவள் அழவில்லை. தாளைத் திரும்ப உறைக்குள் போட்டாள். மூலை மடங்கியிருந்ததை விரலால் நீவிவிட்டு உறையை மூடினாள்.

சர்வராகத்தான் இருக்கும். அன்று முப்பத்தொரு விண்ணப்பம். மற்ற முப்பதும் போயிருக்கிறதே என்று அண்ணன் கேட்டார்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

அந்தத் தாளின் அடியில் தேதியும் நேரமும் அச்சாகியிருந்தன. ஜூன் 24, மாலை 4.12.

வாட்ச் மூன்று மாதக் கணக்கை வைத்திருக்கும். டிராயருக்குள் கிடந்தாலும் என் கைக்குப் பக்கத்தில்தானே கிடந்தது. பின்னால் தள்ளித் தள்ளிப் போனேன். ஜூன் 24. மாலை 3.35க்கு 61. நான்கு மணிக்கு 50. 4.10க்கு 46. ஐந்து மணி வரை அறுபதைத் தாண்டவில்லை. நான் வாட்சில் பார்த்த எல்லா எண்களிலும் அந்த 46தான் குறைவு.

எனக்கு அந்தச் சாயந்திரம் சங்கவி வந்ததே நினைவில் இல்லை. அவள் முகம் நினைவில் இல்லை, என்ன கேட்டாள், நான் என்ன சொன்னேன், எதுவுமில்லை. ஜூன் 27 அன்று அவள் வந்து 'செவ்வாய்க்கிழமை போட்டுக் கொடுத்தீங்க' என்றபோதே இல்லை. இந்த நோட்டில் அன்றைய பக்கத்தைப் படித்தேன். தலைவலி என்று எழுதியிருக்கிறேன்.

ஆகஸ்ட் 23, சனி

மூலனூர் ரோட்டில் அவள் வீடு. பஸ்ஸில் போனேன். சங்கவி துணி அலசிக்கொண்டிருந்தாள். அவள் அம்மா சேர் எடுத்துப் போட்டார். நான் உட்காரவில்லை.

"கடைசிப் பட்டன நான் அமுக்கல, சங்கவி. சர்வர் இல்ல. அன்னிக்கு எனக்குச் சர்க்கரை எறங்கிக் கெடந்துது. எனக்கே தெரியல."

அவள் கையை உதறிக்கொண்டு எழுந்தாள். "நான் வந்து கேட்டேனேக்கா."

"கேட்ட."

"அப்ப இன்னும் மூணு நாள் இருந்துதுங்க்கா."

"ஆமா."

அவள் அம்மாவுக்குப் புரியவில்லை. "சர்க்கரை எங்க மாமனாருக்குங்கூட இருந்துச்சு. அதுக்கும் இதுக்கும் என்னம்மிணி?" என்றார். சொன்னேன். சர்க்கரை கீழே இறங்கினால் மூளைக்குச் சாப்பாடு போகாது, ஆள் உட்கார்ந்திருப்பார், பேசுவார், கை அதுபாட்டுக்கு வேலை செய்யும், ஆனால் அவர் அங்கே இருக்கமாட்டார் என்று. என் வாயால் இதை முழுதாகச் சொன்னது இதுதான் முதல் தடவை. டாக்டரிடமும் சொன்னதில்லை.

"அப்பறம் எதுக்குங் அந்த வேலைல உக்காந்திருக்கறீங்க?" என்றார் அவர். கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"அடுத்த தேர்வுக்கு நானே வந்து போட்டுத் தாரேன்" என்றேன்.

"வேண்டாமுங்க்கா. நானே போன் வாங்கிப் போட்டுக்கறேன்." பக்கெட்டைத் தூக்கியவள் நின்றாள். "உங்களுக்கு ஹால் டிக்கெட் வந்துருச்சுங்களா?"

"வந்துருச்சு."

தலையாட்டிவிட்டு உள்ளே போனாள்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

நந்தகோபாலிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சங்கவியை, அமராவதிப் பாலத்தை, டாக்டரிடம் சொன்ன பொய்யை. ஒரு வருடத்துக்கு மேலாகவே எனக்குச் சர்க்கரை இறங்குவது தெரிவதில்லை. முன்பெல்லாம் கை நடுங்கும், முதுகு நனையும், பசி கொல்லும். எப்போது நின்றது என்று தெரியவில்லை. நின்றதை நான் நல்லதென்றுதான் நினைத்துக்கொண்டேன்.

போன தேர்வையும் சொன்னேன். ஐந்து மார்க்கில் போகவில்லை. மணி அடித்ததும் கண்காணிப்பாளர் தோளைத் தொட்டு விடைத்தாளை வாங்கினார். அப்போதுதான் பார்த்தேன். கடைசி அறுபது கேள்விக்கும் ஒரே வரிசையாக 'இ' வட்டத்தையே கறுப்படித்து வைத்திருந்தேன். கோடு போட்ட மாதிரி நேராக இருந்தது. வெளியே இளநீரோடு நின்ற நந்தகோபாலிடம் கேள்வி கடினம் என்றேன்.

"வண்டிச் சாவியக் குடு" என்று கையை நீட்டினார்.

"நான் என்ன கொழந்தையா?"

"நான் பெல்ட்டு மாட்டாம ஏறுனா சூப்பர்வைசர் எறக்கி உட்டுருவாரு. அதுக்கு அவருகிட்ட நான் சண்டைக்குப் போறதில்ல." கையை நீட்டியபடியே இருந்தார். "எங்கிட்டச் சொல்றதுக்கு என்ன வினோ?"

சாவியை மேசையில் வீசினேன். அதற்குப் பிறகு ராத்திரி வரை அவரோடு பேசவில்லை. கோபம் அவர்மேல் இல்லை என்பது தெரிந்துதான் பேசவில்லை.

ஆகஸ்ட் 25, திங்கள்

அண்ணனிடமும் சொன்னேன். "இத மொதல்லயே சொல்லியிருந்தா நான் அந்த வாட்ச்சத் திட்டியிருப்பனா?" என்றார். இனி விண்ணப்பம் எனக்கு இல்லை. ஜெராக்ஸ், லேமினேஷன். சரிதான். சரி என்று தெரிந்தும் என் பழைய மேசைக்கு முதுகைக் காட்டி மிஷின் முன்னால் நின்றேன்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

பதில் வந்தது. 'தங்கள் மனு பரிசீலிக்கப்பட்டது. விதிகளில் இடமில்லை.'

ஆகஸ்ட் 31, ஞாயிறு

தேர்வு.

காலையில் மூன்று தோசை, வழக்கத்தைவிட இரண்டு யூனிட் குறைவான ஊசி. வாட்ச் 168. ஹால் வாசலில் சோதனை செய்த பெண் வாட்சைக் கழற்றச் சொன்னார். டாக்டர் கடிதத்தைக் காட்டினேன். தலைமைக் கண்காணிப்பாளரைக் கூட்டி வந்தார். அவர் கடிதத்தை இரண்டு முறை படித்தார், மனுவுக்கு வந்த பதிலையும் படித்தார். "எனக்குப் புரியுதும்மா. இந்தப் பேப்பர வெச்சுக்கிட்டு நான் எப்படி உடறது?" என்றார்.

என் ஹாலில் இருந்த டீச்சர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றார். ஐம்பது வயதிருக்கும். "சார், அவங்க கையில கட்டக்கூடாது, அவ்வளவுதானே? எம்மேசையில இருக்கட்டும். நான் பாத்துக்கறேன்." தலைமைக் கண்காணிப்பாளர் கடிதத்தை மடித்துக் கொடுத்தார். "உங்க பொறுப்பு டீச்சர்" என்று சொல்லிவிட்டு அடுத்த ஹாலுக்குப் போனார்.

டீச்சர் என்னை முதல் பெஞ்சுக்கு மாற்றவில்லை. எண் போட்ட இடம் மூன்றாவது பெஞ்ச், அங்கேதான் உட்கார வேண்டும். குளுக்கோஸ் பொட்டலத்தையும் அவரே வாங்கி வைத்துக்கொண்டார்.

முதல் ஒன்றரை மணி நேரம் நன்றாகப் போனது. எல்லாம் தெரிந்த கேள்விகள் மாதிரி இருந்தன. நூற்றிரண்டாவது கேள்வியை மூன்று முறை படித்துக்கொண்டிருந்தபோது வாட்ச் கத்தியது. ஹால் முழுக்கத் திரும்பியது. டீச்சர் வந்து பொட்டலத்தைப் பிரித்துக் கையில் கொடுத்து, என் பேனாவை எடுத்து மூடி வைத்தார்.

"எவ்வளவுங்க டீச்சர்?"

"அறுபத்தெட்டு. பதினஞ்சு நிமிஷம் தொடாதீங்க."

பின்னால் இருந்த ஒருவர் கை தூக்கினார். "மேடம், டிஸ்டர்ப் ஆகுது. எங்களுக்கும் இது ரெண்டு வருஷ உழைப்பு." அவர் சொன்னதில் தவறில்லை. டீச்சர் அவரிடம் மன்னிப்புக் கேட்டார். நான் கேட்க வேண்டியது.

பதினைந்து நிமிடம் கையைக் கட்டி உட்கார்ந்திருந்தேன். எதிர்ச் சுவரில் கடிகாரம். என் வாழ்நாளில் அவ்வளவு ஆத்திரம் வந்ததில்லை. எனக்கு ஒன்றுமில்லை, தெளிவாக இருக்கிறேன், எழுதலாம் என்றே முழு நேரமும் தோன்றியது. எண்பத்தேழு என்று டீச்சர் வந்து சொன்னபிறகு நூற்றிரண்டாவது கேள்வியைப் படித்தேன். நான்காம் வகுப்புப் பெருக்கல். அதைத்தான் மூன்று முறை படித்திருக்கிறேன்.

இருநூறில் பத்தொன்பது கேள்வியைப் பார்க்க நேரமில்லை. வெளியே வந்ததும் நந்தகோபாலிடம் அதைத்தான் முதலில் சொன்னேன். "பத்தொம்பது போச்சுங்க."

"மீதி?"

"மீதி நான் எழுதினது."

பஸ்ஸில் அழுதேன். எதற்கென்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. பத்தொன்பதுக்கும்தான். இன்று அங்கே உட்காராத ஒருத்திக்கும்தான்.

செப்டம்பர் 3, புதன்

டாக்டர் மரகதம் திட்டினார். நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, நிதானமாக, பத்து நிமிடம். பிறகு சொன்னார்: "அடிக்கடி எறங்கினா ஒடம்பு பழகிப்போயி சொல்றத நிறுத்திக்கும். சில வாரம் எறங்கவே விடாம வெச்சிருந்தா திரும்பச் சொல்ல ஆரம்பிக்கும். எல்லாருக்கும் வரும்னு சொல்ல மாட்டேன். பெரும்பாலானவங்களுக்குக் கொஞ்சமாவது வரும். அலாரத்த எழுபதுல இருந்து தொண்ணூறுக்கு ஏத்துங்க. ஊசியக் கொறைக்கிறேன். வண்டி ஓட்டாதீங்க."

தொண்ணூறில் வைத்தால் நாள் முழுக்கக் கத்துமே என்றேன்.

"கத்தட்டும்."

செப்டம்பர் 9, செவ்வாய்

பதினோரு முறை கத்தியது. கடை, பஸ், சமையல், எங்கும். ஜெராக்ஸ் எடுக்க வந்த ஒரு அம்மா என்னவென்று கேட்டார். சொன்னேன். சொல்லச் சொல்ல ஒவ்வொருவரும் ஒரு மருந்து சொல்கிறார்கள். பாகற்காய், ஆவாரம்பூ, நாவல்கொட்டை. இது தனிச் சித்திரவதை.

செப்டம்பர் 15, திங்கள்

அடுத்த தேர்வுக்கான அறிவிப்பு வந்தது. சங்கவியின் அப்பா போனுக்கு அழைத்தேன். அவள்தான் எடுத்தாள். கடைசித் தேதியைச் சொன்னேன். "பாத்துட்டனுங்க்கா" என்றாள். விண்ணப்ப எண் வந்ததா என்று கேட்கலாமா என்று யோசித்தேன். அவளே, "நம்பர் வந்துருச்சு" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

செப்டம்பர் 22, திங்கள்

வாட்ச் 104 முதல் 210 வரை. உயரத்தில் நிற்கிறது. உடம்பு கனமாக, சோர்வாக, எரிச்சலாக இருந்தது. நன்றாக இருந்தது என்று எழுதுவதை விட்டுவிட்டேன்.

அக்டோபர் 6, திங்கள்

இன்று சாயந்திரம் கடையிலிருந்து நடந்து வந்தேன். ஐந்து மணிக்கும் வெயில் குறையவில்லை. டயர் கடைக்குப் பக்கத்தில் வரும்போது பை கையிலிருந்து நழுவியது. குனிந்து எடுத்தேன், திரும்ப நழுவியது. விரல்களைப் பார்த்தேன். நடுங்கின.

முதலில் பயந்துவிட்டேன். பிறகு முதுகு நனைந்திருந்தது தெரிந்தது. கழுத்தோரம் சில்லென்று வியர்வை. வயிற்றில் பசி என்று சொல்ல முடியாத ஒரு பிராண்டல். வாட்சைப் பார்த்தேன். 97. சும்மா இருந்தது. பழைய மிஷினை எடுத்து விரலைக் குத்தினேன். நடுக்கத்தில் முதல் தடவை சொட்டு விழவில்லை, இரண்டாவது தடவைதான் வந்தது. 66.

அடுக்கி வைத்த டயர் மேல் உட்கார்ந்து குளுக்கோஸைப் பிரித்து வாயில் கொட்டினேன். பாதி சேலையில் கொட்டியது. டயர் கடைக்காரர் ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டு வந்தார்.

"என்னம்மிணி, ஒடம்பு செரியில்லீங்களா?"

"கை நடுங்குதுங்ணா" என்றேன். நீட்டிக்கூடக் காட்டினேன்.

நான் ஏன் சிரிக்கிறேன் என்று அவருக்குப் புரியவில்லை. பத்து நிமிடம் கழித்துக் கையிலிருந்த அந்தச் சனியன் கத்த ஆரம்பித்தது.